கோவையில் 150 கோடிக்கு ஒரு ஏஐஎஃப்: கன்சல்டன்ட் பார்த்துக்கொள்வாரா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவையில் இரண்டு நண்பர்கள் சேர்ந்து பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் கேட்டகிரி 2 மாற்று முதலீட்டு நிதி, அதாவது ஏஐஎஃப், பதிவு செய்யப் போகிறார்கள். இலக்கு 150 கோடி ரூபாய். பணம் போடப்போவது பெரும்பாலும் ஊரிலுள்ள பம்ப், ஸ்பின்னிங் மில், ஃபவுண்டரி குடும்பங்கள். "வருஷத்துக்கு நாலைந்து ரிட்டர்ன் போடணும், ஒரு கன்சல்டன்டைப் பிடித்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார்" என்று ஆடிட்டர் சொல்லியிருக்கிறார். அது சரிதானா, நாங்கள் உட்கார்ந்து பார்க்கவேண்டிய வேலை உண்மையில் எவ்வளவு என்று கேட்கிறீர்கள்.

ரிட்டர்ன் போடுவதை வெளியில் கொடுக்கலாம் என்பது வரைக்கும் ஆடிட்டர் சொன்னது சரி. ஆனால் ஏஐஎஃப் மேலாளரின் பொறுப்பில் ரிட்டர்ன் ஒரு சிறு பகுதி. என் அனுபவத்தில் ஃபண்டுகள் சிக்கிக்கொள்வது இரண்டு நாட்களில்தான்: முதலீட்டாளரின் பணம் உள்ளே வரும் நாள், அந்தப் பணம் கம்பெனிக்குப் போகும் நாள். அந்த இரண்டு நாட்களிலும் பார்க்கவேண்டியதைப் பார்க்காமல், மார்ச் 31-க்குப் பிறகு கன்சல்டன்டை அழைத்தால் அவர் செய்யக்கூடியது, நடந்த மீறலை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருவது மட்டும்தான்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். 1996-ல் வந்த வென்ச்சர் கேபிடல் விதிகளுக்குப் பதிலாக 2012 மே மாதம் செபி கொண்டுவந்தவைதான் இன்றைய ஏஐஎஃப் ஒழுங்குமுறைகள். ஸ்டார்ட்அப், உள்கட்டமைப்பு, சமூகத் தாக்க நிதிகளெல்லாம் கேட்டகிரி 1. கடன் வாங்கி, டெரிவேட்டிவ் வைத்து விளையாடுகிறவர்கள் கேட்டகிரி 3. நடுவில் இருக்கும் பிரைவேட் ஈக்விட்டி, கடன் ஃபண்டுகள் கேட்டகிரி 2; நீங்கள் அதில் வருகிறீர்கள். விண்ணப்பக் கட்டணம் 1 லட்சம், பதிவுக் கட்டணம் 10 லட்சம். ஒரு ஸ்கீமின் கார்ப்பஸ், அதாவது முதலீட்டாளர்கள் தருவதாக ஒப்பந்தம் போட்ட மொத்தத் தொகை, குறைந்தது 20 கோடி இருக்கவேண்டும், முதலீட்டாளர்கள் 1000 பேரைத் தாண்டக் கூடாது, ஒருவர் குறைந்தது 1 கோடி போடவேண்டும். மேலாளர் கம்பெனியின் ஊழியர்களுக்கும் இயக்குநர்களுக்கும் மட்டும் 25 லட்சம் போதும். ஸ்பான்சர் (ஃபண்டை அமைப்பவர்) அல்லது மேலாளரின் சொந்தப் பணம் கார்ப்பஸில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, இரண்டில் எது குறைவோ அது. 150 கோடிக்கு 3.75 கோடி. "எங்கள் மேலாண்மைக் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம்" என்று அதைச் சரிக்கட்ட முடியாது. பணமாகவே போட்டு, ஃபண்ட் இருக்கும்வரை வைத்திருக்கவேண்டும்.

இனி கன்சல்டன்ட் விஷயம். ஒழுங்குமுறைப்படி மேலாளர், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் ஒரு கம்ப்ளையன்ஸ் ஆபீசரை நியமிக்கவேண்டும். அவர் மேலாளர் கம்பெனியின் ஊழியராகவோ இயக்குநராகவோ இருக்கவேண்டும். தலைமைச் செயல் அதிகாரியே அந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது. ஆகவே வெளியிலிருந்து மாதக் கட்டணத்துக்கு வரும் கன்சல்டன்ட் அந்தப் பதவியில் இருக்க முடியாது. நீங்கள் இரண்டே பேர் என்றால், ஒருவர் சிஇஓ, இன்னொருவர் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று போட்டுக்கொள்ளலாம்தான், தாளில் சரியாக இருக்கும். ஆனால் அடுத்த விதியையும் படியுங்கள். ஏதாவது மீறல் கண்ணில் பட்டால் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் யாரிடமும் கேட்காமல், 7 நாட்களுக்குள் நேராக செபிக்குத் தெரிவிக்கவேண்டும். டீலைக் கொண்டுவருபவரும் நீங்கள், அந்த டீலில் தப்பு இருந்தால் உங்கள் மேலேயே எழுதிக் கொடுக்கவேண்டியவரும் நீங்கள் என்றால் அது எப்படி நடக்கும்? ஒரு கம்பெனி செகரட்டரியைச் சம்பளத்துக்கு வைப்பது உங்கள் பட்ஜெட்டில் முதல் வரியாக இருக்கட்டும். 150 கோடிக்கு 2 சதவீதக் கட்டணம் என்றால் வருஷத்துக்கு 3 கோடி வருமானம், அதில் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது. 30, 40 கோடியில் நின்றுவிட்டால் இடமிருக்காது. சின்ன கேட்டகிரி 2 ஃபண்டுகளை நான் ஊக்குவிக்காததற்கு இதுதான் காரணம்.

முதலீட்டுக் குழுவிலும் தகுதி பார்க்கிறார்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களில் குறைந்தது ஒருவராவது என்ஐஎஸ்எம் நடத்தும் ஏஐஎஃப் மேலாளர் தேர்வில் தேறியிருக்கவேண்டும். முப்பது வருஷ அனுபவம் உள்ளவர்களுக்குப் பரீட்சை எழுதச் சொன்னால் கொஞ்சம் கோபம் வரும். எழுதிவிடுங்கள்.

அடுத்தது பிபிஎம் எனப்படும் பிரைவேட் பிளேஸ்மென்ட் மெமோரண்டம், அதாவது ஃபண்டைப் பற்றி முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் விவர ஆவணம். என்னைக் கேட்டால் உங்கள் கம்ப்ளையன்ஸ் சுமையில் பாதியை நீங்களே எழுதிக்கொள்ளும் இடம் இது. 2020 பிப்ரவரியிலிருந்து செபி இதற்கு ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது. மர்ச்சன்ட் பேங்கர் வழியாகத் தாக்கல் செய்யவேண்டும். உள்ளே எழுதியதைச் சரிபார்த்தேன் என்று அவர் சான்று தரவேண்டும். செபி அதைப் பதிவில் எடுத்துக்கொண்டதாகத் தெரிவித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முதல் க்ளோஸ், அதாவது முதல் சுற்று முதலீட்டாளர்களின் ஒப்பந்தம் முடிவது, நடக்கவேண்டும். நடக்காவிட்டால் கட்டணம் கட்டி மறுபடியும் தாக்கல்தான்.

பெரும்பாலானோர் வேறொரு பெரிய ஃபண்டின் பிபிஎம்-ஐ எடுத்து, பெயரை மாற்றி வேலையை முடிக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பார்ப்போம். "முதலீட்டுக் குழு மாதம் ஒருமுறை கூடும். ஒவ்வொரு முன்மொழிவுக்கும் வெளி நிறுவனத்தின் சட்ட, நிதி ஆய்வு அறிக்கை பெறப்படும். ஒரு முதலீட்டின் அளவு சாதாரணமாக 5 முதல் 15 கோடி. போர்ட்ஃபோலியோ கம்பெனிகளின் சுற்றுச்சூழல் தர அறிக்கை காலாண்டுக்கு ஒருமுறை பெறப்படும்." படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் பிபிஎம் ஆடிட் என்று ஒன்று உண்டு. ஆடிட்டர் இந்த நான்கு வாக்கியங்களையும் நான்கு சோதனைகளாக மாற்றிக்கொண்டு வருவார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு மினிட்ஸ் எங்கே? பல்லடத்துக் கம்பெனிக்கு 3 கோடி கொடுத்தீர்களே, சாதாரண அளவுக்குக் கீழே போனதற்குக் குழு என்ன காரணம் பதிவு செய்தது? சுற்றுச்சூழல் அறிக்கை ஒன்றுகூட இல்லையே? இவற்றில் எதையும் செபி உங்களிடம் கேட்கவில்லை. நீங்களாக முன்வந்து வாக்குக் கொடுத்தீர்கள். ஆடிட் அறிக்கை நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் செபிக்குப் போகிறது.

எனவே பிபிஎம் வரைவு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதை யார் செய்வது, எந்தக் காகிதம் சாட்சி" என்று பென்சிலில் எழுதுங்கள். பதில் இல்லாத வரியை அடியுங்கள். "மாதம் ஒருமுறை" என்பதை "தேவைப்படும்போது" என்று மாற்றினால் ஒரு முதலீட்டாளரும் ஓடிப்போக மாட்டார். பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். முதலீட்டு உத்தியில் முக்கிய மாற்றம் என்றால் மதிப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு யூனிட்தாரர்களின் சம்மதம் வேண்டும். முதலீட்டுக் குழுவில் பிபிஎம்-ல் பெயர் சொல்லாத வெளியாள் ஒருவரைச் சேர்க்க 75 சதவீதம் வேண்டும்.

பணம் உள்ளே வரும் நாளுக்கு வருவோம். உங்கள் முதலீட்டாளர்கள் யார் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் எங்கெங்கே இடறும் என்று ஊகிக்க முடிகிறது.

முதலில் வாட்ஸ்அப். ஏஐஎஃப் பொதுமக்களிடம் பணம் கேட்கக் கூடாது, தனிப்பட்ட முறையில் அணுகித்தான் திரட்டவேண்டும். தொழில் சங்கத்தின் நானூறு பேர் இருக்கும் குழுவில் "நம்ம ஊர் ஃபண்ட், 24 சதவீத ரிட்டர்ன்" என்று ஒரு படம் போட்டால் அது தனிப்பட்ட அணுகுமுறை ஆகாது. அதிலும் அந்த 24 சதவீதம் எங்கிருந்து வந்தது? ஃபண்ட் ஓராண்டைக் கடந்து ஓடத் தொடங்கிய பிறகு, கடந்தகாலச் செயல்பாட்டைப் பிரசுரத்தில் சொன்னால் அத்துடன் பெஞ்ச்மார்க் ஏஜென்சியின் ஒப்பீட்டு அறிக்கையும் சேர்க்கவேண்டும். உங்களிடம் இன்னும் எந்தச் செயல்பாடும் இல்லை. அதனால் எண்ணே போடாதீர்கள்.

இரண்டாவது, கூட்டாகப் போடுவது. கணவனும் மனைவியும், அல்லது பெற்றோரும் பிள்ளையும், இரண்டு பேர் சேர்ந்து ஒரு கோடி போடலாம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு கோடி போட முடியாது. ஆளுக்கு ஒரு கோடி வேண்டும். நம் பக்கத்துக் குடும்பத் தொழிலில் எல்லாமே அண்ணன் தம்பி கணக்காக இருப்பதால் இது அடிக்கடி வரும். படிவம் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள், பணம் வந்தபின் திருப்பி அனுப்புவது சங்கடம்.

மூன்றாவதுதான் பெரியது. ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு தவணையைக் கேட்டு டிராடவுன் நோட்டீஸ் அனுப்புகிறீர்கள், பெரியவர் ஒருவர் 25 லட்சம் அனுப்பவேண்டும். கடைசி நாள் மாலை ஆர்டிஜிஎஸ் வந்துவிடுகிறது. வங்கி விவரத்தைப் பிரித்துப் பார்த்தால் அனுப்பியது அவர் பெயரில் இல்லை, குடும்பத்தின் பார்ட்னர்ஷிப் கரண்ட் அக்கவுண்டிலிருந்து வந்திருக்கிறது. போன் போட்டால், "எல்லாம் நம்ம பணம்தானே தம்பி" என்பார். அவருக்கு அது உண்மை. உங்களுக்கு அது மூன்றாம் நபரின் பணம். கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்தின் கீழ் உங்கள் ஃபண்ட் தகவல் தரவேண்டிய நிறுவனம். கேஒய்சி செய்தது பெரியவருக்கு, பணம் கொடுத்தது வேறொரு அமைப்பு. அந்தப் பார்ட்னர்ஷிப்பில் உண்மையான பயனாளிகள் யார் யார் என்று உங்கள் கோப்பில் ஒன்றுமில்லை. சரியான வழி, வந்த கணக்குக்கே பணத்தைத் திருப்பி, அவருடைய பதிவுசெய்த கணக்கிலிருந்து மறுபடி வாங்குவது. இரண்டு நாள் தாமதமாகும், அவர் கொஞ்சம் முகம் சுளிப்பார். கன்ட்ரிப்யூஷன் ஒப்பந்தத்திலேயே இதைத் தெளிவாக எழுதி, கையெழுத்து வாங்கும் நாளில் வாய்விட்டும் சொல்லிவிட்டால் பாதி வழக்கு குறையும். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனை என்றே தோன்றினால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை போகவேண்டும். அப்படி அனுப்பியதை அந்த முதலீட்டாளரிடம் சொல்லவும் கூடாது.

பெரிய தொகை போடுகிறவர் ஒருவர் தனக்கு மட்டும் தனி ஒப்பந்தமாக ஒரு சைட் லெட்டர் கேட்பார். "லாபம் வந்தால் எல்லாரும் பிரிச்சுக்குங்க, நஷ்டம் வந்தால் என் அசலை முதலில் கொடுத்துடுங்க" என்பது வழக்கமான கோரிக்கை. இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். இப்படி ஒரு சாராரின் நஷ்டத்தை இன்னொரு சாரார் தாங்கும் ஸ்கீம்கள் புதிய முதலீடு செய்யக் கூடாது என்று 2022 நவம்பரிலேயே செபி நிறுத்தியது. 2024 நவம்பரில் விதியிலேயே எழுதிவிட்டார்கள்: ஒவ்வொரு முதலீட்டிலும், அதிலிருந்து வரும் பங்கீட்டிலும் எல்லாருக்கும் அவரவர் ஒப்புக்கொண்ட தொகையின் விகிதப்படிதான் உரிமை. குறைவாக எடுத்துக்கொள்ள ஸ்பான்சர், மேலாளர், அரசு நிறுவனங்கள் போன்ற சிலருக்கு மட்டும் அனுமதி உண்டு. கட்டணத்தில் சலுகை கொடுப்பது போன்ற சில வேறுபாடுகளும் செல்லும். அவை எவையென்று தொழில் அமைப்புகள் சேர்ந்த ஒரு மன்றம் வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலுக்கு வெளியே போகாதீர்கள்.

சென்னையில் பல என்பிஎஃப்சி-க்கள், அதாவது வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், இருக்கின்றன, அவர்களில் ஒருவரிடம் 20 கோடி வாங்கலாம் என்ற யோசனையும் உங்களுக்கு வரும். அங்கே ரிசர்வ் வங்கி குறுக்கே வருகிறது. ஒரு வங்கியோ என்பிஎஃப்சி-யோ தான் கடன் கொடுத்த கம்பெனிக்கே ஏஐஎஃப் வழியாகப் பணம் அனுப்பி, பழைய கடனை அடைக்கவைத்து, வாராக்கடனை மறைத்துவிடலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கியின் பயம். 2023 டிசம்பர் 19 அன்று அதைத் தடுக்க மிகக் கடுமையான ஒரு சுற்றறிக்கை வந்தது. அதன்படி, அப்படிப்பட்ட ஸ்கீமில் இருப்பவர்கள் 30 நாளில் வெளியேறவேண்டும், முடியாவிட்டால் முழுத் தொகைக்கும் நஷ்ட ஒதுக்கீடு செய்யவேண்டும். பல ஃபண்டுகள் ஆடிப்போயின. 2024 மார்ச்சில் சற்றுத் தளர்த்தி, 2025 ஜூலையில் புதிய வழிகாட்டுதல் கொண்டுவந்தார்கள். அது 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது ஒரு நிறுவனம் ஒரு ஸ்கீமின் கார்ப்பஸில் 10 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. இப்படிப்பட்ட எல்லா நிறுவனங்களும் சேர்ந்து 20 சதவீதம்தான். உங்கள் 150 கோடியில் ஒருவரிடம் 15 கோடிக்கு மேல் வாங்க முடியாது. 5 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், அவர்களிடம் கடன் வாங்கிய கம்பெனிகளில் நீங்கள் ஈக்விட்டி தவிர்த்த வகையில் முதலீடு செய்யும்போது அவர்களுக்கு ஒதுக்கீட்டுத் தொல்லை வரும். ஆகவே ஒவ்வொரு டீலுக்கு முன்னும் அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களின் பட்டியலை வாங்கிப் பார்க்கவேண்டிய வேலை உங்களுக்குச் சேர்கிறது. செபியும் 2024 அக்டோபரில், குறிப்பிட்ட சில முதலீட்டாளர்களைப் பற்றி முதலீட்டுக்கு முன்பே இப்படி விசாரித்துப் பதிவு செய்யவேண்டும் என்று தன் பங்குக்கு விதி போட்டுவிட்டது. எளிமையாக இருக்கவேண்டுமென்றால் முதல் ஃபண்டில் குடும்பங்களின் பணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி பணம் வெளியே போகும் நாள்.

ஒரு கம்பெனியில் 25 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். எதில் 25 சதவீதம் என்பதில்தான் தவறு நடக்கிறது. அது கார்ப்பஸில் அல்ல, "இன்வெஸ்டபிள் ஃபண்ட்ஸ்" எனப்படும் தொகையில். கார்ப்பஸிலிருந்து ஃபண்டை நடத்துவதற்கு ஆகக்கூடிய செலவைக் கழித்தால் மிஞ்சுவது அது. மேலாண்மைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, டிரஸ்டி, கஸ்டோடியன், ஆடிட், மதிப்பீட்டாளர் எல்லாம் சேர்த்து ஃபண்டின் முழு ஆயுளுக்கும் 20 சதவீதம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 150 கோடி என்றால் முதலீட்டுக்குரியது 120 கோடி, ஒரு கம்பெனிக்கு உச்சவரம்பு 30 கோடி. சரி.

ஆனால் 150 கோடி உங்கள் இலக்கு. கார்ப்பஸ் என்பது இன்றைய தேதியில் ஒப்பந்தம் போட்டுக் கையெழுத்தான தொகை. முதல் க்ளோஸில் 60 கோடிதான் வந்தது என்றால்? முதலீட்டுக்குரியது 48 கோடி, உச்சவரம்பு 12 கோடி. அன்றைக்கு அருமையான ஒரு கம்பெனி 15 கோடி கேட்டு நிற்கும். "அடுத்த மாதம் இன்னும் 40 கோடி வந்துவிடும், அப்போது சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். வரலாம். கையெழுத்தாகாத பணத்தை நம்பி 15 கோடி கொடுத்த அந்த நிமிடமே மீறல் நடந்துவிட்டது. அடுத்த மாதம் கார்ப்பஸ் ஏறுவதால் அது அழியாது. வழி இருக்கிறது: இப்போது 12 கோடி, மீதி 3 கோடி கார்ப்பஸ் உயர்ந்த பின் இரண்டாம் தவணை என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதலாம். அதற்கு, டேர்ம் ஷீட் எனப்படும் டீலின் முதல்கட்ட நிபந்தனைத் தாளைப் போடும்போதே கம்ப்ளையன்ஸ் ஆபீசர் அந்த அறையில் இருக்கவேண்டும். பிறகு அதே கம்பெனிக்கு ஃபாலோ ஆன், அதாவது அடுத்தகட்ட முதலீடு, கொடுக்கும்போது பழைய தொகையையும் கூட்டிப் பார்க்கவேண்டும். வேறொரு ஏஐஎஃப் யூனிட் வழியாகப் போயிருந்தால் அதையும்.

அடுத்தது சொந்தக்காரக் கம்பெனிகள். "அசோசியேட்" கம்பெனியில் ஃபண்ட் முதலீடு செய்ய மதிப்பின்படி 75 சதவீத முதலீட்டாளர்களின் ஒப்புதல் வேண்டும். எது அசோசியேட்? ஸ்பான்சர், மேலாளர், அவற்றின் இயக்குநர்கள், பார்ட்னர்கள் தனியாகவோ எல்லாரும் சேர்ந்தோ 15 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருந்தால் அது அசோசியேட். "சேர்ந்தோ" என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு ஆட்டோமேஷன் கம்பெனியில் 9 சதவீதம் எடுத்தீர்கள், உங்கள் நண்பர் தனியாக 7 சதவீதம் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கூட்டினால் 16. இருவரும் இன்றைக்கே உங்கள் சொந்த முதலீடுகளின் பட்டியலை எழுதிக் கம்ப்ளையன்ஸ் ஆபீசரிடம் கொடுங்கள், மாறும்போதெல்லாம் திருத்துங்கள். 75 சதவீத ஒப்புதல் வாங்குவது ஒன்றும் மானக்கேடு கிடையாது. உள்ளூரில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள் என்பதால் உங்கள் ஃபண்டுக்கு அடிக்கடி தேவைப்படும்.

கம்பெனியின் பங்குகள் டீமேட் வடிவில் இருக்கவேண்டும் என்பது இன்னொரு தடைக்கல். 2025 ஜூலை 1-க்குப் பிறகு ஏஐஎஃப் செய்யும் முதலீடுகள், சில விதிவிலக்குகள் நீங்கலாக, டீமேட்டில்தான் இருக்கவேண்டும். சிட்கோ எஸ்டேட்டில் இருக்கும் குடும்ப பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு, டீமேட் பங்கின் அடையாளமான ஐசின் எண் என்றால் என்னவென்றே தெரியாது. ஆர்டிஏ எனப்படும் பங்குப் பதிவாளரை நியமித்து, டெபாசிட்டரியில் சேர்ந்து, எண் வாங்க வாரக்கணக்கில் ஆகும். டேர்ம் ஷீட் கையெழுத்தான அன்றே அந்த வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் ஃபண்டின் யூனிட்களும் டீமேட்தான், முதல் முதலீட்டுக்கு முன், ஃபண்டின் பங்குகளைப் பாதுகாக்கும் கஸ்டோடியனும் நியமிக்கப்பட்டிருக்கவேண்டும்.

கடன் வாங்கி முதலீடு செய்வது கேட்டகிரி 2-க்கு இல்லை. தற்காலிகத் தேவைக்கு 30 நாளுக்கு மிகாமல், வருஷத்தில் நான்கு முறைக்கு மிகாமல், முதலீட்டுக்குரிய தொகையில் 10 சதவீதம்வரை வாங்கலாம். டிராடவுனில் ஒருவர் பணம் அனுப்பாமல் இழுத்தடித்தால் அந்தக் குறையை ஈடுகட்டவும் 2024 ஆகஸ்டிலிருந்து சில நிபந்தனைகளோடு வழிவிட்டிருக்கிறார்கள். அதன் செலவு இழுத்தடித்தவர் தலையில்தான் விழவேண்டும், மற்றவர்கள் மேல் கூடாது.

வருஷாந்திர வேலைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, உங்கள் கன்சல்டன்டுக்கு மனப்பாடமாகத் தெரியும். காலாண்டு அறிக்கை செபியின் போர்ட்டலில். நிதியாண்டு முடிந்த 30 நாளில் கம்ப்ளையன்ஸ் டெஸ்ட் ரிப்போர்ட் டிரஸ்டிக்கும் ஸ்பான்சருக்கும். டிரஸ்டி கருத்துச் சொல்ல 30 நாள், நீங்கள் திருத்த 15 நாள். பிபிஎம் மாற்றங்களை ஒன்றாகத் தொகுத்து ஏப்ரலுக்குள். முதலீட்டாளர்களுக்கு ஆண்டறிக்கை 180 நாளில். செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் வந்தால் 21 நாளில் பதில். வரியில், கேட்டகிரி 2-க்குப் பாஸ் த்ரூ உண்டு. வணிக வருமானம் தவிர மற்றவை முதலீட்டாளர் கையில் வரிக்கு உட்படும். அதற்கான படிவங்களை ஜூன் மாதத்தில் கொடுக்காவிட்டால் முதலீட்டாளர்கள் உங்கள் போனை உடைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தாலேயே இது மட்டும் எங்கும் தவறாமல் நடக்கிறது.

மதிப்பீடு மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுயேச்சையான மதிப்பீட்டாளரைக் கொண்டு போர்ட்ஃபோலியோவை மதிப்பிடவேண்டும். மதிப்பின்படி 75 சதவீத முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டால் வருஷம் ஒருமுறை. 2023 ஜூனில் வந்த சுற்றறிக்கைப்படி, அடுத்தடுத்த இரண்டு மதிப்பீடுகளுக்கு இடையில் 20 சதவீதத்துக்கு மேலோ, ஒரு நிதியாண்டில் 33 சதவீதத்துக்கு மேலோ வித்தியாசம் வந்தால் காரணத்தோடு முதலீட்டாளர்களுக்குச் சொல்லவேண்டும். ஜவுளி விலை ஏறி இறங்கும் துறையில் இது சாதாரணமாக நடக்கும். மேலாளர்கள் இங்கே செய்யும் தந்திரம், இறங்கவேண்டிய மதிப்பை 19 சதவீதத்தில் நிறுத்திவைப்பது. அடுத்த ஆறு மாதத்தில் மீதி இறக்கம் வெளியே வரும்போது, 19 என்ற எண்ணே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மதிப்பீட்டாளரிடம் கம்பெனியின் கணக்கைக் கொடுங்கள், எண்ணைக் கொடுக்காதீர்கள்.

தவறினால் என்ன ஆகும்? செபி சட்டத்தின் 15ஈஏ பிரிவில் ஏஐஎஃப்-க்கென்றே அபராதம் இருக்கிறது. குறைந்தது 1 லட்சம். மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1 லட்சம்வரை, மொத்தம் 1 கோடி வரையிலோ அல்லது அதனால் கிடைத்த ஆதாயத்தில் மூன்று மடங்கோ, எது அதிகமோ அது. பணத்தைவிட, உங்கள் பெயரில் ஒரு தீர்ப்பாணை செபி தளத்தில் நிரந்தரமாகக் கிடக்கும் என்பதுதான் பெரிய அடி. இரண்டாவது ஃபண்டுக்குப் பணம் கேட்டுப் போகும்போது எந்த முதலீட்டாளரின் வக்கீலும் முதலில் தேடுவது அதைத்தான்.

முடிவைப் பற்றி ஆரம்பத்தில் யாரும் யோசிப்பதில்லை. குறைந்தது மூன்று வருஷம் என்ற விதிக்கு உட்பட்டு நீங்கள் ஏழு, எட்டு வருஷம் என்று போடுவீர்கள். மதிப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோடு மேலும் இரண்டு வருஷம்வரை நீட்டலாம். அதற்கு மேல் ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்துவிடவேண்டும். விற்க முடியாத ஒரு கம்பெனி மிஞ்சினால், மதிப்பின்படி 75 சதவீத முதலீட்டாளர்கள் சம்மதித்தால் பங்குகளையே பிரித்துக் கொடுக்கலாம் அல்லது கலைப்புக் காலம் கேட்கலாம். சம்மதம் கிடைக்காவிட்டால் பங்குகளைப் பிரித்துக் கொடுப்பது கட்டாயமாகிவிடும். எழுபது வயதுப் பெரியவரின் டீமேட் கணக்கில், அவர் பெயரே கேள்விப்படாத ஒரு வால்வு கம்பெனியின் 412 பங்குகள் போய் விழும். ஆகவே குடும்பக் கம்பெனிகளில் முதலீடு செய்யும்போது, புரமோட்டர் திரும்ப வாங்கும் ஷரத்தை எட்டாவது வருஷத்துக்கு வைக்காமல் ஐந்து, ஆறாவது வருஷத்துக்கு வையுங்கள்.

கன்சல்டன்டை வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போர்ட்டல் தாக்கல், டெஸ்ட் ரிப்போர்ட் வரைவு, சுற்றறிக்கைகளைத் தொடர்வது எல்லாம் அவரிடம் போகட்டும். டிராடவுன் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, 25 சதவீதக் கணக்கு, 15 சதவீதப் பட்டியல், சைட் லெட்டர், மினிட்ஸ் ஆகியவை உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஒவ்வொரு டீலுக்கும் ஒரே ஒரு தாள் வைத்து, இவற்றுக்கான பதிலை எழுதி, கம்ப்ளையன்ஸ் ஆபீசர் தேதி போட்டுக் கையெழுத்திடாமல் வங்கியில் பணம் நகராது என்று ஏற்பாடு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டாவது கையெழுத்து அவருடையதாகவே இருந்தால் இன்னும் நல்லது. இப்போதைக்கு ஆள் தேடும் வேலையைத் தொடங்குங்கள். மர்ச்சன்ட் பேங்கரிடம் பிபிஎம் போவதற்கு முன் அவர் வந்து சேர்ந்துவிட்டால், பென்சில் வேலையை அவரே செய்துவிடுவார்.